நானூற்றுப் பன்னிரண்டாம் நம்பர் பில்

அந்தமானின் ஹட் பேயில் யாருக்கும் ஒன்றாம் நம்பர் பில் பிடிக்காது. நேற்றுத்தான் போட் இன்ஜின் ரிப்பேர் கற்றுக்கொண்டவன்கூட முதல் பில் போட வரும்போது, "அக்கா, நம்பர் மட்டும் ஒரு முந்நூத்துச் சொச்சம் போட்டு விடுங்க" என்பான். ஒன்று என்று இருந்தால் ஆபீசில் கிளார்க்குக்கு இளக்காரமாகிவிடுமாம். புது ஆள்தானே, நாலு தடவை நடக்கவிடலாம் என்று தோன்றிவிடுமாம். அதனால் இந்த ஊரில் எல்லாத் தொழிலும் நடுவிலிருந்துதான் ஆரம்பிக்கும். தென்னை மரம் ஏறுகிறவன் இருநூற்று ஏழில் ஆரம்பித்தான். கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கிறவன், பேராசைக்காரன், எடுத்த எடுப்பிலேயே ஆயிரத்து நாற்பது.

இந்த நம்பர்களையெல்லாம் பெற்றுப் போட்டவள் விஜயகுமாரி. மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறைக் கடை. லேப்டாப், பிரிண்டர், கரண்ட் போனால் கீச்கீச்சென்று கத்துகிற இன்வெர்ட்டர். "பில், கொட்டேஷன், லெட்டர்ஹெட் செய்து தரப்படும்" என்று ஒரு போர்டு. அப்பா ராமநாதபுரத்திலிருந்து சர்க்கார் வேலைக்குக் கப்பலேறி வந்தவர். இவள் இங்கேயே பிறந்து, போர்ட் பிளேயரில் பி.காம். படிக்கப் போய், பாதியில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவள். வயது நாற்பது.

தொழிலில் கெட்டி. மரம் ஏறுகிறவன், "தேங்கா பறிச்சது நாலாயிரம்" என்று ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டு வருவான். அதை வாங்கி, எத்தனை மரம், மரத்துக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் ஆரம்பித்து எந்தத் தேதியில் முடிந்தது, மட்டை அள்ளியதற்கு எவ்வளவு என்று தனித்தனி வரியாகப் பிரிப்பாள். தொகையை எண்ணிலும் எழுத்திலும் போடுவாள். பேங்க் விவரம் இடது கீழ் மூலையில், கிளார்க்கின் கண் தானாகப் போகிற இடத்தில். பில்லைப் பார்த்தால் மரம் ஏறுகிறவனுக்கே, தான் ஏதோ பெரிய கம்பெனி நடத்துவதாகத் தோன்றும். அவள் போட்ட பில் குறையென்று திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கர்வம் உண்டு. வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், அவ்வளவுதான்.

அவளுக்கு ஒரு கொள்கையும் இருந்தது. எழுதச் சொன்னதை எழுதுவாள். எதற்கென்று கேட்க மாட்டாள். ஒன்பது வருஷமாகக் கடை ஓடுகிறதென்றால் இதனால்தான் என்று நம்பியிருந்தாள்.

அவளுடைய மேஜைக்கடியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. உள்ளே பதினோரு ரப்பர் ஸ்டாம்ப். பதினொன்றும் பதினோரு ஆளுடைய பெயரில். வைத்திருப்பதென்னவோ சிவப்பிரகாசம் அண்ணாச்சிக்காக.

சிவப்பிரகாசம் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். எஸ்.பி. ஏஜென்சி என்ற பேரில் ஆபீஸ்களுக்கு நாற்காலி முதல் நாமக்கட்டி வரை சப்ளை. மீட்டிங், ட்ரெயினிங் என்றால் சாப்பாடும் அவர்தான். விஜயகுமாரியின் வரும்படியில் பாதி அவர் பில்லில்தான் வந்தது. எந்த வேலைக்கும் மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கி, குறைந்த விலைக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது ஆபீஸ் விதி. ஹட் பேயில் மூன்று பேருக்கு எங்கே போவது? அதனால் அண்ணாச்சி தம் பேரில் ஒன்று போடுவார். கூடவே தெரிந்தவர்கள் பேரில் இரண்டு, கொஞ்சம் விலை ஏற்றி. ஊரில் பாதிப் பேர் இதற்குப் பேர் கொடுத்திருந்தார்கள். யாரும் தப்பாக நினைத்ததில்லை. கல்யாண மொய்க்கவரில் பேர் எழுதுகிற மாதிரி ஒரு மரியாதை.

மூன்றையும் அடிப்பவள் விஜயகுமாரி. ஆனால் ஒரே கை என்று தெரியக் கூடாதல்லவா? மூன்றுக்கும் மூன்று விதமான எழுத்து. ஒன்றில் கட்டம் போடுவாள், ஒன்றில் போட மாட்டாள். ஒரு கவரைப் பசையில் ஒட்டுவாள், ஒன்றை டேப்பில், ஒன்றுக்கு ஸ்டேப்ளர். கில்லாடிதான்.

அந்த ஜூன் மாதம் ஓர் ஆபீசில் பத்து நாள் ட்ரெயினிங். நாற்பத்தைந்து பேருக்கு மதியச் சாப்பாடும் இரண்டு வேளை டீயும். அண்ணாச்சி ஆளுக்கு இருநூற்று நாற்பது. துணைக்குச் சமையல்கார அழகம்மா பேரில் இருநூற்று அறுபது, பலசரக்குக் கடை பழனியாண்டி பேரில் இருநூற்று எழுபது. இரண்டு பேரும் முன்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த வெற்று லெட்டர்ஹெட் இருந்தது. அழகம்மா கையெழுத்துப் போட்டதில் அது கடைசித் தாள். இரண்டு துணைக் கவரையும் விஜயகுமாரி ஒட்டி முடித்துவிட்டாள். அண்ணாச்சியுடையது மட்டும் பிரிண்ட் எடுக்க வேண்டும். அப்போதுதான் போர்ட் பிளேயரிலிருந்து அவர் போன்.

"ஏம்மா விஜயா, கடல் சரியில்ல. கப்பல் இன்னும் நாலஞ்சு நாளைக்கு வராதுங்காங்க. நானும் இங்கன மாட்டிக்கிட்டேன். அங்க வெங்காயம் என்ன வெல?"

"நூத்திப் பத்து, அண்ணாச்சி. தக்காளி கண்ணுலயே காணோம்."

"இருநூத்தி நாப்பதுக்குச் சோறு போட்டா நான் தலையில துண்டைப் போட்டுட்டுத்தான் போணும். என் ரேட்ட எழுபத்தஞ்சு ஆக்கிரு. ஜல்தி. பியூன் வந்துருவான்."

நாற்பதை எழுபத்தைந்தாக்கினாள். பிரிண்ட் எடுத்தாள், ஸ்டேப்ளர் அடித்தாள். பியூன் வந்து மூன்று கவரையும் வாங்கிப் போனான். ஒட்டிய கவர் இரண்டையும் பிரித்து அவற்றிலும் விலை ஏற்ற வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. கப்பல் வராததால் வந்த வினை.

கவர் போன ஆறாம் நாள் உச்சி வெயிலில் அழகம்மா கடைக்கு வந்து நின்றாள்.

அழகம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்ட குடும்பம். சுனாமி வருஷத்துக்குப் பிறகு ஹட் பேக்கு வந்தவள். புருஷன் இல்லை. அண்ணாச்சி ஆபீஸ்களுக்கு அனுப்புகிற சாப்பாடு எல்லாம் ஒன்பது வருஷமாக இவள் சமைத்ததுதான். சமைக்கிற நாளுக்கு ஐந்நூறு ரூபாய் கூலி.

"விஜயா, ஆபீஸ்லருந்து ஒரு ஆபீசர் சாப் போன் பண்ணாரு. 'ஆப்கா ரேட் பாஸ் ஹோ கயா, சோம்வார் சே கானா சாஹியே'ங்கிறாரு. என் ரேட்டு பாஸாயிருச்சாம், திங்கக்கிழமையிலருந்து சாப்பாடு வேணுமாம். நான் எப்ப ரேட் போட்டேன்?"

விஜயகுமாரி லேப்டாப்பை இழுத்தாள். மூன்று ஃபைலையும் திறந்து பார்த்தாள். அண்ணாச்சி 275, அழகம்மா 260, பழனியாண்டி 270. அட கடவுளே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

"என் பேருல ரேட் போயிருக்கா?"

"ஆமாக்கா. ஆளுக்கு இருநூத்தி அறுபது."

அழகம்மா விரலை மடக்கினாள். உதடு அசைந்தது. "நாப்பத்தஞ்சு பேரு, பத்து நாளு. ஒரு லச்சத்துப் பதினேழாயிரம்."

விஜயகுமாரி கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது.

"ஏன் விஜயா, எனக்குன்னு நெனச்சா போட்ட?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு சொல். விஜயகுமாரி பிரிண்டரைத் திறந்து, சிக்காத பேப்பரைச் சிக்கியதாகப் பாவித்து நோண்டினாள். அழகம்மா, "சரி, நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிப் போய்விட்டாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெரிந்து அண்ணாச்சி போன் செய்தார்.

"தெரிஞ்சு செஞ்சியா?"

"அய்யோ, இல்ல அண்ணாச்சி! நீங்க கடைசி நேரத்துல மாத்தச் சொன்னீங்க, மத்த ரெண்டும் ஒட்டியாச்சு..."

போனில் ஒரு பெருமூச்சு. பிறகு சிரிப்பு. "சரி, விடு. நம்ம பிள்ளதான, என்ன கெட்டுப் போச்சு? அழகம்மா சமைக்கட்டும். சாமான் எல்லாம் பழனியாண்டி கடையில என் கணக்குல வாங்கச் சொல்லு. பில் போடும்போது ஒரு லெட்டர் சேத்து அடி. 'இந்தத் தொகையை எஸ்.பி. ஏஜென்சிக்குக் குடுக்கவும்'னு. அவகிட்டக் கையெழுத்து வாங்கிட்டா போதும். கூலி இந்த வாட்டி அறநூறாக் குடுத்துருதேன். பாவம்."

அந்தப் 'பாவம்' விஜயகுமாரிக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் எழுதச் சொன்னதை எழுதினாள். நல்ல இங்கிலீஷில், நாலே வரியில், ஓட்டை இல்லாத லெட்டர்.

சாமான் சேதியை மட்டும் அழகம்மாவிடம் சொன்னாள். அழகம்மா, "வேணாம். என் பேருலயே எழுதச் சொல்லிட்டேன்" என்றாள். பழனியாண்டியும் ஒத்துக்கொண்டாராம். "நாம ரெண்டு பேரும் ஒரே டப்பாவுல கெடந்தவங்க தானே" என்று சிரித்தாராம். கேஸ் சிலிண்டருக்கும் மீனுக்கும் ரொக்கம் வேண்டுமே என்று அழகம்மா காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைத்தாள்.

இதை விஜயகுமாரி அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. லெட்டரைப் பற்றி அழகம்மாவிடமும் சொல்லவில்லை. நான் டைப் அடிக்கிறவள், எனக்கென்ன என்று இருந்தாள். எனக்கென்ன என்று ஒரு நாளில் பத்துத் தடவை சொல்லிக்கொள்கிறவளுக்கு ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். அந்த லெட்டரில் கையெழுத்து விழுந்தால் அழகம்மாவுக்கு மிஞ்சப் போவது ஆறாயிரம் ரூபாய் கூலியும், பழனியாண்டி கடையில் ஐம்பத்தெட்டாயிரம் கடனும். கணக்குத் தெரிந்தவள்தானே, தூக்கம் வரவில்லை.

பத்து நாளும் அழகம்மா விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டினாள். இரண்டு பெண்களைக் கூலிக்கு வைத்துக்கொண்டாள். வெங்காயம் இல்லாவிட்டால் என்ன? பரங்கிக்காய் சாம்பார், வாழைப்பூப் பொரியல், தேங்காய்ச் சம்பல், சூரை மீன் குழம்பு. தீவில் விளைந்ததையும் கடலில் பிடித்ததையும் வைத்தே ஒப்பேற்றினாள். போர்ட் பிளேயரிலிருந்து வந்து மாட்டிக்கொண்ட பெங்காலி ஆபீசர் ஒருவர் மீன் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாராம். பியூன் வந்து சொன்னான். "க்யா பாத் ஹை" என்று சப்புக்கொட்டினாராம். விஜயகுமாரிக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது.

நாலைந்து நாள் என்றது மூன்று வாரமாக இழுத்து, பதினோராம் நாள்தான் கப்பல் வந்தது. அண்ணாச்சியும் வந்தார். கப்பல்துறையிலிருந்து நேராகக் கடைக்கு வந்து, ஈரச் செருப்பை வாசலில் உதறினார். அழகம்மா அதற்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். பில் போட வந்திருந்தாள்.

"அழகம்மா, சபாஷ்! ஆபீஸ்ல ஒரே பேச்சாம்ல." அண்ணாச்சி உண்மையாகத்தான் சொன்னார். மனுஷர் கெட்டவர் இல்லை. ஒன்பது வருஷமாக ஒரு விஷயம் ஒரு மாதிரியே நடந்தால் அதுதான் நியாயம் என்று நினைக்கிற ஆள். "விஜயா, அந்த லெட்டர எடு. கையெழுத்து வாங்கிருவோம்."

விஜயகுமாரி எடுத்துக் கொடுத்தாள். அண்ணாச்சி அதை மேஜையில் வைத்துப் பேனாவைத் திறந்து நீட்டினார். அழகம்மா தாளைப் பார்த்தாள். தமிழ் என்றால் எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள். இது இங்கிலீஷ்.

"இது என்னாங்க?"

"சும்மா ஆபீஸ் ஃபார்மாலிட்டி. பில்லோட சேத்து வைக்கணும்."

அழகம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்தாள். பிறகு தலையைத் திருப்பி, "விஜயா, நீ அடிச்சதுதானே? என்னா எழுதியிருக்கு?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி விஜயகுமாரியைப் பார்த்தார். மிரட்டுகிற பார்வை இல்லை. இவள் என்ன சொல்லப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும், ஒன்பது வருஷப் பழக்கம். அந்த நம்பிக்கைதான் விஜயகுமாரிக்குத் தாங்கவில்லை.

தாளை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல வாசித்தாள், தமிழில்.

"அழகம்மா ஆகிய நான், பத்து நாள் சாப்பாடு போட்டதுக்கு எனக்கு வரவேண்டிய ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் ரூபாய் முழுவதையும் எஸ்.பி. ஏஜென்சிக்குக் கொடுக்கச் சம்மதிக்கிறேன். இதில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை. இப்படிக்கு."

"விஜயா!" என்றார் அண்ணாச்சி.

"அதான் எழுதியிருக்கு, அண்ணாச்சி. நான்தானே அடிச்சேன்."

அழகம்மா பேனாவை மூடினாள். அவசரமே இல்லை. மூடி அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ரப்பர் தோட்டத்துல நாள் முழுக்கப் பால் வெட்டிட்டு வந்தா, எடை கொறையுதுன்னு கணக்கப்பிள்ளை அரைப் பேரு போடுவாரு. அரை நாள் கூலி. அதுக்கே எங்கம்மா மண்ண வாரித் தூத்தும். நீங்க என்னாங்க, எனக்கு ஒண்ணுமே போடாம எழுதி வச்சிருக்கீங்க?"

"அறநூறு கூலி போட்டிருக்கேனே! லெட்டர்ஹெட் என் காசு, ஸ்டாம்ப் என் காசு. நான் இல்லன்னா உன் பேரு ஆபீசுக்கே தெரியாது, தெரியும்லா?"

"அரிசி என் கடனு. மீனு என் தோடு." அழகம்மா குரலை உயர்த்தவே இல்லை. "விஜயா, என் பில்லப் போடு."

விஜயகுமாரி லேப்டாப்பைத் திருப்பினாள். பில் நேற்றே தயார். மேலே நடுவில் அழகம்மாவின் பெயர். நாள்வாரியாகப் பத்து வரி, சாப்பாடு தனி, டீ தனி. தொகை எண்ணில், எழுத்தில். இடது கீழ் மூலையில் அழகம்மாவின் சொந்தக் கணக்கு நம்பர், முன்பு நூறு நாள் வேலைக்காகத் திறந்தது. அழகம்மா குனிந்து திரையைப் பார்த்தாள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியும்.

"மேல என்னா அது, நானூத்திப் பன்னெண்டு?"

"பில் நம்பர், அக்கா. சும்மா போடுறது. ஒண்ணுன்னு போட்டா புது ஆளுன்னு நினைப்பாங்க. அதனால எல்லாருமே..."

"அப்ப இதுக்கு முன்னாடி நானூத்திப் பதினோரு பில்லு நான் போட்டிருக்கணும்."

"அப்படித்தான் அர்த்தம்."

"அந்தக் காசெல்லாம் எங்க?"

கேலி இல்லை. கோபம்கூட இல்லை. நிஜமாகவே கேட்டாள், கடையில் மீதிச் சில்லறை கேட்பது போல. விஜயகுமாரி திரையைப் பார்த்தாள். அண்ணாச்சி வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"ஒண்ணுன்னே போடு" என்றாள் அழகம்மா.

விஜயகுமாரி நானூற்றுப் பன்னிரண்டை அழித்துவிட்டு ஒன்று என்று அடித்தாள். ஒன்பது வருஷத்தில் அந்த எண்ணை அவள் ஒரு பில்லுக்கும் நம்பராக அடித்ததில்லை. பிரிண்டர் தாளைத் துப்பியது.

அண்ணாச்சி எழுந்தார். "சரிம்மா. நல்லா இருங்க. விஜயா, என் ஃபைல் பூராத்தையும் ஒரு பென்டிரைவ்ல போட்டு வையி. நாளைக்குப் பையன் வந்து வாங்கிக்கிடுவான். ஸ்டாம்ப் டப்பாவையும்." சத்தம் போடவில்லை, சபிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். விஜயகுமாரியின் பாதி வரும்படியும் அவரோடு மார்க்கெட்டைத் தாண்டிப் போனது.

அவள் குனிந்து டப்பாவைத் திறந்து அழகம்மாவின் ஸ்டாம்பைத் தேடி எடுத்தாள். "இது உங்களோடது, அக்கா. நீங்களே வச்சுக்குங்க." அழகம்மா பில்லில் ஸ்டாம்பை அழுத்தினாள். முதல் தடவை என்பதால் சற்றுக் கோணலாக விழுந்தது. அதன்மேல் தமிழில் கையெழுத்துப் போட்டாள். ஸ்டாம்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"உனக்கு எவ்வளவு?"

"அறுபது ரூபா, அக்கா."

அழகம்மா நூறு ரூபாய்த் தாளை நீட்டினாள். விஜயகுமாரி சில்லறையை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டே, பதினாறு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். "அக்கா, அன்னைக்கு உங்களுக்குன்னு நெனச்சு நான் ரேட் போடல. தப்பா நடந்துபோச்சு."

"தெரியும். பழனியாண்டி அன்னைக்கே சொல்லிட்டாரு." அழகம்மா பில்லை நாலாக மடிக்கப் போனவள், மடிக்கக் கூடாதென்று நினைத்து அப்படியே கவரில் வைத்தாள். "இன்னைக்கு வாசிச்சியே, அது தப்பா நடக்கல தானே?"

"இல்லக்கா."

"அது போதும்." நாற்பது ரூபாயை வாங்கிக்கொண்டு ஆபீஸ் பக்கமாக நடந்தாள்.

விஜயகுமாரி பென்டிரைவைச் செருகி அண்ணாச்சியின் ஃபைல்களை ஏற்ற ஆரம்பித்தாள். நாற்காலி, ஃபேன், பேனர், பெயின்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபோல்டர். சாப்பாட்டுக்குத் தனி ஃபோல்டர், அத்தனையும் அழகம்மா சமைத்தது, ஏறத்தாழ வாரம் ஒன்று என்று ஒன்பது வருஷம். எல்லா பில்லும் விஜயகுமாரி அடித்தது. எத்தனை என்று எண்ணிப் பார்க்க அவளுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. ஏறி முடிந்ததும் லேப்டாப் கணக்கைக் காட்டியது. சாப்பாட்டு பில் மட்டும் நானூற்று முப்பத்தாறு.